முனியாண்டிக்கு ஒரு காற்றாடி

பத்து பாகாட்,
ஞாயிற்றுக்கிழமை, கடை மூடிய பிறகு

அன்பு மகள் லோஷினிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும், நம் டோபிக் கடையில் இன்னும் உயிரோடிருக்கிற வாஷிங் மெஷின்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை விஜயனும் வெலிங்டன் குளிரில் மூக்கு ஒழுகாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் அன்றைக்கே முடித்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாய் என்று மாப்பிள்ளையே வாய்தவறிச் சொல்லிவிட்டார். பெற்றவள் குரலைக் கோழி கொக்கரிப்பது மாதிரி கேட்கிற பிள்ளைக்குக் கடிதம்தான் சரி, இதை வேகமாக ஓட்ட முடியாது. அதோடு இது உன் அம்மா ஜெயித்த கதை, நிதானமாகத்தான் சொல்வேன். காற்றிலிருந்து கரண்ட் எடுத்தேனடி. நான்தான், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற இந்தக் கஸ்தூரிதான், செத்துப்போன வாஷிங் மெஷின் மோட்டாரிலும் தண்ணீர்க் குழாயில் வெட்டிய இறக்கையிலும் எடுத்தேன். அங்கே காற்று குடையைப் பிடுங்குகிறது என்று புலம்புகிறாயே, அதில் கொஞ்சம் பார்சல் பண்ணியிருந்தால் எனக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.

நம் முனியாண்டி கோயில் உனக்கு மறந்திருக்காது, மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன், உன் எஸ்.பி.எம். பரீட்சைக்கும் உன் நியூசிலாந்து விசாவுக்கும் நான் சேவலும் சுருட்டும் நேர்ந்துகொண்டது அவருக்குத்தான். ஊருக்கு வெளியே, கடல் தண்ணீர் உள்ளே வராமல் போட்ட மண்மேட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பெரிய அரசமரத்தடியில் தகரக் கொட்டகை. நிலத்துக்குக் கெரான் இல்லை, பட்டா இல்லாத இடத்துக்கு யார் கரண்ட் கம்பி இழுப்பார்கள்? இத்தனை வருஷம் வெள்ளிக்கிழமை பூசையை ஜெனரேட்டரில் ஓட்டினோம், அது போட்ட சத்தத்தில் சாமியாடிக்கு அருள் வந்ததா ஜெனரேட்டருக்கு இருமல் வந்ததா என்றே தெரியாது. போன அடைமழையில் அதற்குள் தண்ணீர் புகுந்து அதுவும் போய்ச் சேர்ந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது சாய்ந்த இருட்டில், நம் கடைக்குப் பின்வரிசையில் இருக்கிற ராசம்மா அக்கா அரசமர வேரில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். அதிலிருந்து கூட்டம் கரைந்து கரைந்து, கடைசியில் பூசையில் நின்றது பூசாரி சின்னத்தம்பி அண்ணனும் நானும் உன் அப்பாவும் கொசுக்களும்தான். அதில் கொசுக்கள் மட்டும்தான் ஒரு வாரமும் தவறாமல் வந்தன.

கமிட்டித் தலைவர் கனகசுந்தரம் ஐயாவைத் தெரியுமல்லவா, வடிகால் இலாகாவில் பெரிய ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துப் பரம்பரை, பூசைக்குக்கூட சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டுக்கொண்டு வருவார். அவர்தான் கூட்டத்தில் எழுந்து, “இருட்டுக்குள்ள சனத்தைக் கூப்பிட்டுக் கைகாலை முறிக்கிறது பக்தி இல்லை. திருவிழாவோட சாமியை டவுன் கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரு பக்கத்தில வைப்பம். அங்க லைட் இருக்கு, ஃபேன் இருக்கு, கார் நிப்பாட்ட இடமும் இருக்கு” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். டவுன் கோயில் சுத்த சைவமடி! அங்கே சேவல் கிடையாது, சுருட்டு கிடையாது, மற்ற ஐட்டத்தைப் பற்றிப் பேசவே கூடாது. காலமெல்லாம் கோழிக்கறி சாப்பிட்டவரை இந்த வயதில் தயிர்சாதத்தில் போடுவதா? டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதற்கே உன் அப்பா வீட்டில் யாரோடும் பேசாமல் முறைத்துக்கொண்டு திரிந்தார், முனியாண்டி எப்படித் தாங்குவார்? சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமியை ஒருமுறை பெயர்த்து எடுத்துவிட்டால் பிறகு அது வெறும் மரம், வெறும் கொட்டகை, அடுத்த மழைக்குள் யாராவது செம்பனை நட்டுவிடுவார்கள். கூட்டத்தில் ஒருவர் சோலார் வைக்கலாமே என்றார். அரசமர நிழலில் வெயில் எங்கே விழுகிறது? கிளையை வெட்டினால் விழும் என்றார். யார் வெட்டுவது என்று கேட்டதும் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், முனியாண்டி மரத்தில் கத்தி வைக்க இந்த ஜொகூரில் யாருக்கும் தைரியம் இல்லை. அப்போதுதான் என் வாய், மூளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தானாகத் திறந்துகொண்டது. “வெயில் வராட்டி என்னாங்க, காத்து வருதில்ல? மேட்டு மேல நின்னா சேலை நிக்க மாட்டேங்குது. நான் காத்தாடி செஞ்சு லைட் போடுறேன்!” என்று சொல்லிவிட்டேன். கனகசுந்தரம் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, “தங்கச்சி, காத்தாடி செய்யிறதை எங்க படிச்சனீர், டோபிக் கடையிலயோ?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், உன் அப்பா உட்பட. “ஆமாங்கய்யா, அங்கதான்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “சரி. திருவிழா அண்டைக்குப் பூசை துவங்கி முடியுமட்டும் ஜெனரேட்டர் இல்லாமல் லைட் எரிஞ்சால் சாமி இங்கயே இருக்கட்டும். நடுவில நிண்டால் டவுனுக்கு” என்று முடித்துவிட்டார். காரில் திரும்பும்போது உன் அப்பா, “அலமாக், கஸ்தூரி, உன் வாய்க்கு ஒரு சுவிட்ச் இருந்தா அதை மொதல்ல கண்டுபிடி லா” என்றார். அதைக் கண்டுபிடிக்கத்தான் முப்பது வருஷமாக அவரும் தேடுகிறார்.

ஆனால் ஐயா நினைத்த அளவுக்கு நான் வெறும் வாய் இல்லை. கூப்பிட்டால் வராத மெக்கானிக்கை நம்பிக் கடை நடத்த முடியாமல் நானே மெஷின்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டவள். இந்தப் புது மாதிரி மெஷினில் மோட்டாருக்குள் சுற்றிலும் காந்தம் இருக்கும், கரண்ட் கொடுத்தால் சுற்றும், நாம் சுற்றினால் கரண்ட் கொடுக்கும். இதை யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரர் சொன்னார், எனக்கு நம்பிக்கை வரவில்லை, அதனால் பின்கட்டில் கிடந்த மோட்டாரைக் கையால் வேகமாகச் சுற்றிப் பார்த்தேன். உன் அப்பா வயரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் குதித்த குதியில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இறக்கைக்குப் பெரிய பிவிசி குழாய் வாங்க ஹார்ட்வேர் கடைக்குப் போனேன், சீன முதலாளி தவுக்கே, “அம்மா, பைப் வாங்குது, தண்ணி எங்கே?” என்று கேட்டார். தண்ணீர் இல்லை தவுக்கே, காற்று பிடிக்க என்றேன். அவர் குழாயைத் தூக்கி ஒரு கண்ணால் உள்ளே பார்த்துவிட்டு, என்னையும் அதே கண்ணால் பார்த்தார். குழாயை நீளவாட்டில் பிளந்து மூன்று இறக்கை வெட்டினேன், கேட்டும் கிரில்லும் செய்கிற ஹேமநாதன் பட்டறையில் இரும்புக் கம்பம் ஒட்டிக் கொடுத்தான், காற்று வரும் திசைக்குத் திரும்ப ஒரு வால் வேண்டுமே, அதற்கு நம் கடையின் பழைய தகர போர்டை மாட்டினோம். இப்போது காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ‘கஸ்தூரி டோபி, துணி துவைத்து இஸ்திரி போட்டுத் தரப்படும்’ என்று மேட்டின் மேல் விளம்பரம் சுற்றுகிறது. மலாக்கா நீரிணையில் போகிற கப்பல்காரன் எவனாவது அழுக்குத் துணியோடு வந்தாலும் வருவான்.

தூக்கி நிறுத்துகிற அன்று சின்னத்தம்பி அண்ணன் விடுவாரா, மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம், கம்பத்துக்கு மாவிலை, தேங்காய் உடைத்து சூடம் காட்டி, திருஷ்டி படக்கூடாது என்று நல்ல பெரிய எலுமிச்சம்பழத்தையும் பச்சை மிளகாயையும் கம்பியில் கோர்த்து இறக்கையில் கட்டிவிட்டார். நாங்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். மத்தியானக் கடல்காற்று வந்தது, காற்றாடி சுற்றியது, நான் கையைத் தட்டிக்கொண்டு குதித்தேன், அடுத்த நிமிஷம் கம்பம் காய்ச்சல் கண்ட ஆள் மாதிரி நடுங்க ஆரம்பித்தது. காற்று ஏற ஏற ‘டக டக டக’ என்று ஒரு சத்தம், போல்ட்டெல்லாம் கழன்று விழுகிறது. ஓடிப்போய்க் கயிறு வீசி நிறுத்திக் கட்டிப்போட்டோம். ஹேமநாதன் இறக்கிப் பார்த்தான், வெல்டிங் சரியாக இருந்தது. நான் பேரிங்கை மாற்றினேன், நடுங்கியது. இறக்கைகளைக் கழற்றி ஒன்றன் மேல் ஒன்று வைத்து அளந்தேன், ஒரே அளவு, மாட்டினால் நடுங்கியது. திருவிழா நெருங்குகிறது, காற்றாடியைக் கட்டிப்போட்டிருப்பதால், கரண்டைச் சேர்த்துவைக்கக் கொட்டகைக்குப் பின்னால் வைத்த பேட்டரியில் ஒன்றும் ஏறவில்லை, கனகசுந்தரம் ஐயா ஒரு சாயங்காலம் வந்து அண்ணாந்து பார்த்து, “இது காத்தாடியோ, சாமியாடியோ?” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. உன் அப்பா என் பங்கையும் சாப்பிட்டுவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னார்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு பெண் வந்து ஒரே ஒரு தடித்த போர்வையை மெஷினில் போட்டுவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிழிகிற நேரம் வந்ததும் மெஷின் ‘டக டக டக’ என்று இடத்தைவிட்டு நடக்க ஆரம்பித்தது. உனக்குத்தான் தெரியுமே, பாரம் ஒரு பக்கமாக ஒதுங்கினால் அது அப்படித்தான் ஆடும், இதை நான் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுப்பவள். “தங்கச்சி, தனியா போடாத, கூட ரெண்டு துணியைப் போட்டுச் சுத்திவர பரப்பி...” என்று சொல்லிக்கொண்டே எழுந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். எலுமிச்சம்பழம்! ஒரு இறக்கையில் மட்டும் எலுமிச்சம்பழம்! யோசித்துப் பாரடி, அத்தனை முறை இறக்கினோம், அத்தனை முறை அளந்தோம், ஒவ்வொரு முறையும் ஹேமநாதன் அந்தப் பழத்தைப் பயபக்தியோடு அவிழ்த்து ஒரு தட்டில் வைத்துவிட்டுத்தான் இறக்கையைக் கழற்றுவான், வேலை முடிந்ததும் நான்தான் அதே பயபக்தியோடு திரும்பக் கட்டுவேன். எங்கள் கண்ணில் அது பாரமே இல்லை, அது சாமி சமாச்சாரம். ஒரு வெள்ளைக்காரன் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது, இதற்கு நம்மைப் போல் வளர்ந்திருக்க வேண்டும்.

பழத்தை எடுத்துவிடலாம் என்று போனேன், சின்னத்தம்பி அண்ணன் கம்பத்துக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். “தாயி, நீங்க கழட்டி மாட்டுனதுக்கே நான் தெனம் மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருக்கேன். திருவிழா முடியாம கட்டுன கனிய எடுத்தா அப்புறம் எது நடந்தாலும் என்னைக் கேக்காதீங்க” என்றார். நான் பாரம், சமநிலை என்று விளக்கினேன், அவர் கண்ணை மூடிக்கொண்டார். உன் அப்பாவுக்கு வருஷத்துக்கு ஒரு நல்ல யோசனை வரும், இந்த வருஷத்தது அப்போது வந்தது. “ஏன் எடுக்கணும்? மத்த ரெண்டுலயும் கட்டு லா” என்றார். எனக்கு அவரைக் கட்டிப் பிடிக்கலாம் போல் இருந்தது, பூசாரி பார்க்கிறார் என்று விட்டுவிட்டேன். ஆனால் மூன்றும் ஒரே எடை இருக்க வேண்டுமே, காய்கறிக் கடைத் தராசு அதற்குப் போதாது. அண்ணனிடம் கெஞ்சி ஒரு மணி நேரத்துக்குக் கடன் வாங்கிய கனியையும் பசாரில் பொறுக்கிய பழங்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நேரே நகைக்கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர் நான் ஒவ்வொரு பழமாகத் தங்கத் தராசில் வைப்பதைப் பார்த்துவிட்டு, “விக்கவா அக்கா, அடகு வைக்கவா?” என்றார். கடைசியில் மூன்று இறக்கைக்கும் ஒரே எடையில் ஒவ்வொரு பழம், ஒவ்வொரு கொத்து மிளகாய். கயிற்றை அவிழ்த்தோம். காற்று வந்தது. அடியே, சத்தமே இல்லை! நல்ல மெஷின் நல்ல துணியைப் பிழிகிற மாதிரி ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு மூச்சு, அவ்வளவுதான். சின்னத்தம்பி அண்ணன் பெருமையோடு சொன்னார், ஒரு பழத்துக்கு அடங்காத திருஷ்டி மூன்று பழத்துக்கு அடங்கிவிட்டதாம்.

திருவிழா அன்று காலையிலிருந்து எல்லாம் ஜோர். உறுமி மேளம் வந்துவிட்டது, சேவல் கறி கொதிக்கிறது, ராசம்மா அக்கா கையில் கட்டோடு மகன் காரில் வந்து இறங்குகிறார். ஒன்று மட்டும் வரவில்லை. காற்று! அன்றைக்கென்று பார்த்து காற்று உடம்பு சரியில்லை என்று எம்.சி. லீவு எடுத்துவிட்டது. ஒரு இலை அசையவில்லை, மேட்டின் மேல் காற்றாடி மூன்று பழத்தையும் தொங்கவிட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்பது மாதிரி நிற்கிறது. பேட்டரியில் இரண்டொரு நாள் ஏறிய கரண்ட்தான் இருக்கிறது, அது பூசை முழுக்கத் தாங்குமா என்று எனக்கே தெரியாது. இருட்டியது, கனகசுந்தரம் ஐயா முன்வரிசையில் கைகட்டி நின்றார், நான் உள்ளுக்குள் அழுதுகொண்டே சுவிட்சைப் போட்டேன். கொட்டகை முழுக்கப் பளிச்சென்று வெளிச்சம்! கூட்டத்தில் ஒரு பெண், “ஐயோ, காத்தே இல்ல, காத்தாடி சுத்தல, லைட் எரியுதே! முனியாண்டி!” என்று அலறிக் கீழே விழுந்து கும்பிட்டாள், அவளைப் பார்த்து ஒரு வரிசையே விழுந்தது. மஞ்சள் துணி போர்த்திப் பின்னால் வைத்திருக்கும் பேட்டரியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். உன் அப்பா காதருகில், “சொல்லித் தொலைக்காத லா” என்றார். என் உழைப்புக்கு முனியாண்டி பேர் வாங்கிக்கொண்டார், போகட்டும்.

அதைவிட வேடிக்கை கேள். ஜெனரேட்டர் சத்தம் இல்லாததால் சின்னத்தம்பி அண்ணன் இத்தனை வருஷமாகச் சாமியிடம் என்ன முணுமுணுக்கிறார் என்பது அன்றுதான் எல்லாருக்கும் கேட்டது. மந்திரம் என்று நினைத்திருந்தோம். “அப்பனே, என் மருமக பிரவீனா கொழம்புல கொஞ்சம் காரம் போட நீதான் புத்தி குடுக்கணும்” என்கிறார், பிரவீனா தாம்பாளத்தோடு பக்கத்திலேயே நிற்கிறாள்! கூட்டம் சிரித்த சிரிப்பில் அவருக்கு உற்சாகம் ஏறி, பாட்டுக்கு மேல் பாட்டாகப் பாட ஆரம்பித்துவிட்டார். நான் இங்கே பேட்டரி மீட்டரைப் பார்த்துச் செத்துக்கொண்டிருக்கிறேன். நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்குகிறது, பல்பு மங்குகிறது, ஐயா அண்ணாந்து பல்பைப் பார்க்கிறார். எங்கே போகிறது கரண்ட் என்று வயரைத் தடவிக்கொண்டே கொட்டகைக்குப் பின்னால் போனால், உன் அப்பா! சாமிக்கு அழகாக இருக்கட்டும் என்று எனக்குத் தெரியாமல் அரசமரத்தைச் சுற்றி கலர் கலராக மினுக்கும் சீரியல் பல்பு மாட்டி, அதன் கீழே நின்று தானே ரசித்துக்கொண்டிருக்கிறார். நான் வயரைப் பிடுங்கிய வேகத்தில் அவர் கைக்கடிகாரமும் கூட வந்துவிட்டது. பல்பு நிமிர்ந்தது. அந்த வெளிச்சத்திலேயே சேவல் படையல், சுருட்டு, தீபாராதனை எல்லாம் ஒரு குறையில்லாமல் முடிந்தது. விபூதி கொடுத்து முடித்த பிறகும் லைட் எரிந்துகொண்டிருந்தது, லோஷினி. எரிந்துகொண்டே இருந்தது. நான் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

கனகசுந்தரம் ஐயா பின்னால் வந்து குனிந்து மஞ்சள் துணியை விலக்கி, பேட்டரியைப் பார்த்து, வயரைத் தொட்டுப் பார்த்து, “ஜொயின்ற் எல்லாம் நல்லா முறுக்கி இருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து அது டத்தோ பட்டத்துக்குச் சமம். பிறகு முன்னால் போய் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “சாமி இங்கயிருந்து அசையாது. நான் சொன்னது ராசம்மாவின்ர கையைப் பாத்துத்தான். தங்கச்சி, முதல் வேலையா அந்த வேரடியில ஒரு லைட்டைப் போடும்” என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து கோழிக்கறியை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில்தான் காற்று வந்தது, தாலி கட்டி முடித்த பிறகு மொய்க் கவரோடு ஓடி வருகிற சொந்தக்காரன் மாதிரி.

போன வெள்ளிக்கிழமை சாதாரணப் பூசைதான், கறி இல்லை, மேளம் இல்லை, ஆனாலும் செருப்பு விட இடமில்லாத கூட்டம். எல்லாரும் கிளம்பிய பிறகு சுவிட்சை அணைக்கச் சின்னத்தம்பி அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன், சரியாகச் செய்கிறாரா என்று ஓரமாக நின்று பார்த்தேன். அவர் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, “அப்பனே, லைட்ட அணைக்கப் போறேன். நான் இங்கதான் பக்கத்துல இருக்கேன், வெள்ளிக்கெழமை வந்து போட்டுருவேன்” என்று பதில் வருகிற அளவுக்குக் காத்திருந்து, பிறகுதான் அணைத்தார்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், கையிலெடுத்த வேலையெல்லாம் ஜெயித்து, போகிற இடமெல்லாம் பத்துப் பேருக்கு வெளிச்சமாக, நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும். தெப்ராவ் பெரியம்மா பிரேமளாவுக்கு அடுத்த மாதம் கண் ஆபரேஷன், மறக்காமல் போன் பண்ணு, நீ பண்ணாவிட்டால் என்னைத்தான் பிடித்துக்கொள்வாள். அப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார், புதுக் கைக்கடிகாரம் வேண்டும் என்றும் எழுதச் சொன்னார், முதலாவதை எழுதிவிட்டேன்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா கஸ்தூரி
(காற்றாடி, டோபிக் கடை இரண்டுக்கும் மெக்கானிக்)